தவசி கட்டாத அடுப்படி

லேபில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கச்சிகளுக்கும் வணக்கம். நான் பத்தாவது வரை படித்தவன். ஒரு பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் அட்டெண்டராக இருந்து ஓய்வு பெற்றவன். தலையில் மாட்டிக்கொண்டு பாடம் படிக்கும் கருவிகள் இப்போது உங்கள் கல்லூரிகளுக்கு வரிசையாக வந்து இறங்குவதாகவும், அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருப்பதாகவும் கேள்விப்பட்டேன். வயரை எங்கே செருகுவது, எந்தப் பட்டனை அமுக்குவது என்பதெல்லாம் விற்கிற கம்பெனிக்காரர்களே சொல்லிவிடுவார்கள். நான் எழுதுவது அவர்கள் சொல்லாத விஷயம்.

எங்கள் கல்லூரி திருமங்கலத்தைத் தாண்டி, ஹைவேயில் இருந்து உள்ளே போகும் ரோட்டில் இருந்தது. சுற்றிலும் கரிசல் காடு. நான் மதுரை கே.கே. நகரில் ஒரு வீட்டின் பின்பக்கப் போர்ஷனில் வாடகைக்கு இருந்தேன். என் வீட்டுக்காரி காலமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருந்தேன். காலையில் குளித்து, சாமிப் படத்துக்கு விளக்கேற்றிவிட்டுக் கல்லூரி பஸ்ஸில் ஏறினால், மறுபடி பூட்டைத் திறக்கும்போது அந்த விளக்கு அணைந்து திரி கருகிக் கிடக்கும். போகும்போது வைத்த சொம்பு வைத்த இடத்தில் இருக்கும். அதனால் லேபை முதலில் திறப்பவனும் கடைசியில் பூட்டுபவனும் நானாகவே இருந்தேன். சுறுசுறுப்பு என்று எல்லாரும் பாராட்டினார்கள். நானும் மறுக்கவில்லை.

அந்தக் கருவி எங்களிடம் வந்தது இரண்டாயிரத்துக்குப் பிந்திய வருஷங்களில். ஒன்றே ஒன்றுதான். அட்மிஷன் சமயத்தில் பெற்றோருக்குக் காட்டுவதற்காக நிர்வாகம் வாங்கியது. கண்ணை முழுதாக மூடிக்கொள்ளும், நல்ல கனம், பின்னால் தடித்த வயர். பிள்ளைகள் அதை ஹெல்மெட் என்றே சொன்னார்கள். மாட்டியவர் தலையைத் திருப்பினால் உள்ளே தெரியும் காட்சியும் திரும்பும். நடப்பதற்கு மவுஸ். உள்ளே அவர் பார்ப்பது பக்கத்து மானிட்டரில் எங்களுக்கும் தெரியும். கண்ணாடி அலமாரியில் பிளாஸ்டிக் உறை போட்டுப் பூட்டி வைத்திருந்தோம். ஆயுத பூஜைக்கு நான் அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தேன். பிரின்சிபால் வந்து பார்த்து, "கண்ணாடியில படாம வச்சிருக்கீங்கள்ல?" என்று மட்டும் கேட்டார்.

அதை அலமாரியில் இருந்து வெளியே எடுத்தவர் புதிதாக வந்த ஒரு மேடம். மனப்பாடம் செய்யத் தடுமாறும் பிள்ளைகளுக்கு அவர் ஒரு வழி சொன்னார். நன்றாகத் தெரிந்த ஒரு வீட்டைக் கம்ப்யூட்டரில் அப்படியே கட்ட வேண்டும். வாசலில் இருந்து ஒழுங்கான வரிசையில் ஒவ்வொரு இடத்திலும் பாடத்தின் ஒவ்வொரு துண்டைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப அந்த வீட்டுக்குள் நடக்க வேண்டும். பரீட்சை ஹாலில் ஹெல்மெட் கிடையாது. ஆனால் கண்ணை மூடினால் வீடு வரும், வீட்டோடு பாடமும் வரும். இடையில் எந்த இடத்தையும் தாண்டிப் போகக் கூடாது, ஒரு இடம் விட்டுப்போனால் பின்னால் வருவதெல்லாம் கலைந்துவிடும் என்பதை மட்டும் அவர் அழுத்திச் சொன்னார்.

பிள்ளைகளுக்கு இது பிடித்துப்போனது. எங்கள் லேபுக்குள் யாரும் செருப்புப் போட்டு வரக் கூடாது. தூசி வரக் கூடாது என்பதற்காக வைத்த விதி. ஆனால் வெறுங்காலோடு வந்து உட்கார்ந்து ஹெல்மெட்டை மாட்டியதும் அவர்களுக்குச் சொந்த வீட்டுக்குள் நுழைந்தது போலவே இருந்ததாம். ரேவதி என்று ஒரு பெண், மதுரையில் பல தலைமுறையாக இருக்கும் சௌராஷ்டிரக் குடும்பம். வாயைத் திறந்தால் மூடமாட்டாள். "எங்க வீடு ரயில்பெட்டி மாதிரி நீளம் அண்ணே. முன்வாசல்ல விட்டா பின்வாசல்லதான் வந்து விழுகணும். வழி தப்பவே முடியாது. கஷ்டமான பார்முலாவையெல்லாம் எங்க மாமா வழுக்கைத் தலையில எழுதி வச்சிருக்கேன். நெசத்துல அவரப் பாத்தாலே எனக்குக் கணக்கு வருது" என்பாள். போன பரீட்சையில் கோட்டை விட்ட பேப்பரில் அவள் இந்த வழியில்தான் தேறினாள்.

நான் செய்தது சின்ன வேலை. தலை சுற்றுகிறவர்களுக்கு முகர்ந்து பார்க்க எலுமிச்சம்பழம் வைத்திருப்பேன். ஹெல்மெட்டின் உள்பக்கம் நெற்றி படுகிற இடத்தில் ஒரு ஸ்பாஞ்சு உண்டு. நம் பிள்ளைகள் திருநீறும் குங்குமமும் சந்தனமுமாக வருவார்கள், எல்லாம் அதில் ஒட்டும். ஒவ்வொருவர் கழற்றிய பிறகும் பஞ்சால் துடைப்பேன். திருநீறு பட்ட பஞ்சைக் குப்பைக்கூடையில் போட மனசு வராது. சேர்த்து வைத்துச் சாயங்காலம் லேபுக்கு வெளியே நின்ற வேப்பமரத்தடியில் போடுவேன்.

இனி தவசியின் கதைக்கு வருகிறேன். எழுமலைப் பக்கம் விவசாயக் குடும்பத்துப் பையன். ஹாஸ்டலில் தங்கிக் கடைசி வருஷம் படித்தான். சென்னையில் ஒரு கம்பெனி அவனை வேலைக்குத் தேர்ந்தெடுத்திருந்தது. எல்லாப் பேப்பரும் பாஸாகியிருந்தால்தான் சேர்த்துக்கொள்வோம் என்று சொல்லியிருந்தார்கள். அவனுக்கு நெட்வொர்க்ஸ் என்ற ஒரு பேப்பர் பாக்கி நின்றது. அது நின்றதற்குக் காரணம் இருந்தது. முந்தின வருஷம் அந்தப் பரீட்சையை அவன் எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் அவன் அம்மா மஞ்சள்காமாலையில் இறந்துபோனார். ஹாஸ்டல் ஆபீஸுக்குப் போன் வந்து, பரீட்சை ஹாலுக்குள் ஆள் வந்து அவனைப் பாதியில் எழுப்பிக் கூட்டிப்போனார்கள். மறுபடி எழுதியபோதும் தேறவில்லை. இது கடைசி வாய்ப்பு. விட்டால் சென்னை வேலை போய்விடும்.

இதையெல்லாம் அவன் என்னிடம் சொன்னதில்லை. அவனுடைய ரூம் பையன்கள் பேசிக்கொண்டதில் தெரிந்துகொண்டேன். தவசி பேசவே மாட்டான். நாலு மணிக்கு வகுப்பு விட்டதும் வருவான், செருப்பைச் சுவரோரம் ஜோடி சேர்த்துக் கழற்றி வைப்பான், "அண்ணே" என்பான், உட்கார்ந்துவிடுவான். நானும் "வாப்பா" என்பதோடு சரி. சில நாள் சாயங்காலங்களில் லேபில் நாங்கள் இரண்டு பேர்தான் இருப்போம். ஏ.சி. சத்தம் மட்டும் கேட்கும்.

அவன் கட்டிய வீட்டைப் போல் வேறு யாரும் கட்டவில்லை. அவர்களுடையது பெரிய வீடு ஒன்றுமில்லை, எழுமலையில் இப்போது ஊரெல்லாம் இருக்கிறதே, அந்த மாதிரி ஒரு காங்கிரீட் வீடு. வாசல், பட்டாசாலை என்று எங்கள் பக்கம் சொல்லும் கூடம், அடுப்படி, பீரோ வைத்த அறை, பின்வாசல். பாடத்திலும் ஐந்து யூனிட். இடத்துக்கு ஒன்று. வாசலில் மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டி. பட்டாசாலையில் டி.வி., அதன்மேல் பூப்போட்ட துணி, உரக்கடைக் காலண்டர், ஓரம் உடைந்து டேப் சுற்றிய சுவிட்ச் போர்டு. பட்டாசாலையில் நின்று பார்த்தால் அடுப்படி வாசல். அதற்குள்ளிருந்து மஞ்சள் வெளிச்சம் வரும்.

நான் உங்களுக்குச் சொல்ல நினைத்த விஷயம் இங்கேதான் வருகிறது. ஹெல்மெட் மாட்டிய பிள்ளையின் கண் நமக்குத் தெரியாது. சிரிக்கிறதா, கலங்குகிறதா என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. எல்லாரும் மானிட்டரைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் விரலைப் பாருங்கள். மவுஸில் இருக்கும் விரல் பொய் சொல்லாது. தவசியின் விரல் வாசலில் ஓடும், பட்டாசாலையில் ஓடும். அடுப்படி வாசல் வந்ததும் மவுஸைவிட்டுத் தூக்கிக்கொள்ளும். காட்சி அந்த மஞ்சள் வெளிச்சத்தின் எதிரில் அப்படியே நிற்கும். பிறகு அவன் திரும்பிப் பீரோ அறைக்குப் போய்விடுவான். ஒரு நாளில்லை, தினமும் இப்படி.

மேடம் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். ஒருவர் ஹெல்மெட்டில் நடக்கும்போது இன்னொருவர் மானிட்டரைப் பார்த்துக் கேள்வி கேட்க வேண்டும். தவசிக்கு ரேவதி கேட்டாள்.

"வாசல் முடிஞ்சுச்சு. பட்டாசாலையும் முடிஞ்சுச்சு. சூப்பர் தவசி. அடுத்து?"

தவசி நாலாவது யூனிட்டைச் சொல்ல ஆரம்பித்தான்.

"ஏய், நில்லு. மூணு எங்க? அடுப்படிய விட்டுட்டுப் போற."

"அது அப்பறம்."

"அப்பறம்னா எப்ப? நேத்தும் இதத்தான சொன்ன. ஒங்க வீட்டுல அடுப்பே பத்த வைக்க மாட்டீங்களா? எல்லாரும் பட்டினியாவா கெடக்கீங்க?"

அவளுக்கு எதுவும் தெரியாது. விளையாட்டாகக் கேட்டாள். தவசி சொல்லிக்கொண்டிருந்த நாலாவது யூனிட்டும் அதோடு நின்றது. தொண்டையைச் செருமினான், மறுபடி ஆரம்பித்தான், வரிசை வரவில்லை. ஐந்தாவதும் போய்விட்டது. ஹெல்மெட்டைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனான்.

"நான் என்ன அண்ணே சொல்லிட்டேன்?" என்றாள் ரேவதி.

விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பெண் பேசாமல் தன் பையை எடுத்துக்கொண்டு போனதை அன்றுதான் பார்த்தேன். மறுநாள் அவள் வந்து ஒரு கடலைமிட்டாய்ப் பொட்டலத்தை அவனுடைய கீபோர்டு பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

எனக்கு இப்போது ஒரு சங்கடம். யாராவது ஒரு இடத்திலேயே சிக்கி நின்றால் தன்னிடம் சொல்லும்படி மேடம் என்னிடம் சொல்லியிருந்தார். ஒரே கருவி, காத்திருப்பவர்கள் பலர். சொன்னால், வேறு முறையில் படிக்கச் சொல்லி அவனுடைய நேரத்தை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுவார். அது நியாயமும்கூட. சொல்லாவிட்டால், அவன் மூன்றாவது யூனிட்டே இல்லாமல் பரீட்சைக்குப் போவான். பேப்பரில் அதில் இருந்து பெரிய கேள்விகள் வரும். இரண்டு பக்கமும் யோசித்தேன். காலையில் விளக்கேற்றும்போது முருகனிடமும் கேட்டேன். அந்த வீட்டுக்குள் போகாமல் இருக்கும்படி அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அது ஏன் என்று எனக்குத் தெரியும். என் போர்ஷனிலும் ஓர் அடுப்படி இருந்தது. என் வீட்டுக்காரி போனதில் இருந்து மெஸ்ஸில் இருந்துதான் எனக்குப் பார்சல். சாமி அலமாரி ஹாலில் இருந்ததால் அடுப்படிக்குள் போக வேண்டிய வேலையே இல்லாமல் பார்த்துக்கொண்டேன். குடிக்கிற தண்ணீர்ப் பானையைக்கூட ஹாலுக்கு எடுத்து வந்துவிட்டேன். ஆகவே தவசியிடம் என்ன சொல்வது?

பரீட்சை நெருங்கியது. அந்த வாரத்தில்தான் அவன் அம்மாவுக்கு முதல் வருஷத் திதி வந்தது. ஒரே மகன். பிண்டம் வைக்க வேண்டியவன். படிக்க வேண்டும் என்று சொல்லி அவன் ஊருக்குப் போகவில்லை. அன்றைக்கு முழுவதும் லேபில் இருந்தான். நெற்றியில் எப்போதும் பூசி வரும் திருநீறு அன்று இல்லை. அவன் கழற்றிய பின் ஸ்பாஞ்சு சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

அடுத்த நாள் சாயங்காலம் கதவருகில் ஒருவர் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் தூக்குவாளி, இன்னொரு கையில் மஞ்சப்பை. செருப்பை வெகு தூரத்திலேயே கழற்றிப் போட்டுவிட்டார்.

"அண்ணே, தவசின்னு ஒரு பையன். எழுமலை. இங்கதான் இருப்பான்னாங்க. நான் அவங்கப்பா."

தவசி உள்ளேதான் இருந்தான், ஹெல்மெட்டோடு. காட்சி பட்டாசாலையில் இருந்தது. மானிட்டர் கதவைப் பார்த்தபடி இருந்தது. அவர் கண் அதில் படுவதற்குள் மானிட்டரை அணைத்துவிடலாம் என்று என் கை சுவிட்ச் வரைக்கும் போனது. செத்துப்போன மனைவியோடு வாழ்ந்த வீட்டை, அதுவும் திதி கழிந்த மறுநாள், இப்படி ஒரு பெட்டிக்குள் ஒரு மனுஷன் பார்க்க வேண்டுமா என்று ஒரு நினைப்பு. மகன் என்ன செய்துகொண்டிருக்கிறான் என்று இவருக்கு யார் சொல்லப் போகிறார்கள் என்று இன்னொரு நினைப்பு. யோசிக்க நேரமே கிடையாது. தம்பிகளே, இந்த மாதிரி நேரத்தில் சட்டம் எதுவும் உதவாது. நான் கையை எடுத்துக்கொண்டேன். "உள்ள வாங்க" என்றேன்.

அவர் வந்து மகனைப் பார்த்தார், பிறகு மானிட்டரைப் பார்த்தார்.

"இது எங்க வீடுல்ல" என்றார்.

"ஆமாங்க. தம்பி கட்டினது. பாடம் படிக்கிறதுக்கு."

"அந்தச் சுச்சு போர்டுல டேப்பு சுத்துனது நாந்தேன். ஒழுங்காச் சுத்தலைன்னு அவ ஏசுனா." குனிந்து கிட்டத்தில் பார்த்தார். "அம்புட்டும் சரியா இருக்கு. காலண்டரு இருக்கு. டி.வி. துணி இருக்கு." அவர் விரல் மானிட்டரில் ஒரு வெறுஞ்சுவரைத் தொட்டது. "இவ போட்டோ எங்க? இந்தச் செவுத்துலதான மாலை போட்டு, சின்ன பல்பு போட்டு மாட்டிருக்கேன்."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. அவன் கட்டிய வீட்டில் அம்மா இறக்கவில்லை. அதனால் சுவரில் படம் இல்லை. அடுப்படியில் விளக்கு எரிகிறது. உள்ளே யாரோ இருக்கிற மாதிரி.

"இவென் கண்ணுக்கு நம்மளத் தெரியாதாண்ணே?" என்று மெல்லக் கேட்டார்.

"தெரியாது. காது கேக்கும்."

அவர் பக்கத்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தார். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டார்.

"தவசி. அப்பா வந்திருக்கேன்டா."

"ம்." ஹெல்மெட் அசையவில்லை. விரல் மவுஸைவிட்டு எழுந்து நின்றது.

"நேத்து நானே எல்லாம் பண்ணிட்டேன். ஐயரு, மகன் எங்கன்னு கேட்டாரு. பரிச்சைன்னேன். சரின்னுட்டாரு."

அவர் மானிட்டரில் அந்த மஞ்சள் வெளிச்சத்தைப் பார்த்தார்.

"அடுப்படிக்குள்ள போகலையா?"

"அங்க ஒண்ணுமில்லப்பா. உள்ள கட்டல."

"வெளிச்சம் தெரியுது?"

"வெளிச்சம் மட்டுந்தான் போட்டேன்." நிறுத்தினான். பிறகு, "உள்ள போகாட்டி இருக்கிற மாதிரியே இருக்கு" என்றான்.

அவன் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. சாதாரணமாக, தோட்டத்து விஷயம் பேசுவது போலப் பேச ஆரம்பித்தார்.

"அந்த லைட்ட ஒரு வருசமா நாந்தேன்டா போடுறேன். நீ லீவுக்கு வந்தா பட்டாசாலையிலயே படுத்து எந்திரிச்சுப் போயிருற. தட்டு ஒன் எடத்துக்கு வருது. அது எங்கருந்து வருதுன்னு நீ ஒரு நா எட்டிப் பாத்திருக்கியா?"

"இல்ல."

"மொதல்ல கடுகு எதுல இருக்குன்னு தெரியாம ஒவ்வொரு டப்பாவாத் தொறந்து பாத்தேன். எல்லா டப்பாவும் ஒரே மாதிரி. அவளுக்குக் கை போற வழி தெரியும், எனக்குத் தெரியுமா? சீனின்னு நெனச்சு உப்ப டீயில போட்டேன். அப்பறம் ஒரு நா எல்லாத்தையும் எறக்கி என் வசத்துக்கு மாத்தி வச்சுட்டேன். கண்ணுக்கு நேரா உப்பு. அதுக்குப் பக்கத்துல மொளகாப்பொடி. கடுகு கைக்குக் கிட்ட. இப்ப அது என் அடுப்படிடா. அவளுது இல்ல. நானும் மாத்தக் கூடாதுன்னுதான் இருந்தேன். திங்கணுமேடா."

தவசி ஹெல்மெட்டைக் கழற்றினான். நெற்றியில் ஸ்பாஞ்சின் அச்சு சிவப்பாக விழுந்திருந்தது. அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் அவர் கையைப் பார்த்தான். விரல்களில் எண்ணெய் தெறித்த பழைய தழும்புகள் இருந்தன.

"நீ கட்டு" என்றார் அவர். "நான் சொல்லுறேன்."

நான் வெளியே போய் கேன்டீனில் மூன்று டீ வாங்கி வந்தேன். திரும்பும்போது மானிட்டரில் ஓர் அலமாரி எழுந்திருந்தது. அப்பா தூக்குவாளியைத் திறந்து திதிக்குச் சுட்ட வடையை எனக்கும் ஒன்று கொடுத்தார். உப்புக் கொஞ்சம் தூக்கல். அவர் சுட்டதுதான்.

"உப்பு டப்பாவுல என்னத்த வைக்கப் போற?"

"ஐ.பி. அட்ரஸ்."

"அது என்னது?"

"ஒவ்வொரு மிசினுக்கும் வீட்டு நம்பர் மாதிரிப்பா."

"சரி. இல்லாட்டி ஒண்ணும் நடக்காதுல்ல, அப்ப உப்புதான். அப்பறம்?"

"ரவுட்டர். வார சரக்க எந்தப் பக்கம் தள்ளணும்னு பாத்துத் தள்ளிவிடும்."

"அத அடுப்புக்கிட்ட வைடா. நான் நிக்கிற எடம் அதான்."

தவசி சிரித்தான். அவன் லேபில் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். ஒரு வருஷமாக எட்டிப் பார்க்காத அடுப்படியை அப்பா சொல்லச் சொல்லக் கட்டினான். ஜன்னல் எந்தப் பக்கம், கரண்டி எங்கே தொங்கும், அம்மா வாங்கிய குக்கரின் கைப்பிடி போன பின் அப்பா எந்தத் துணியைச் சுற்றித் தூக்குகிறார் என்பது வரைக்கும் கேட்டுக் கேட்டுக் கட்டினான். கடைசி பஸ் போய்விடும் என்று அவர் எழுந்தார். போகும்போது மஞ்சப்பையில் இருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்து அவன் நெற்றியில் இழுத்துவிட்டார்.

"வாரேண்ணே. இவனப் பாத்துக்கங்க" என்றார். "பாத்துக்கிறேன்" என்றேன்.

அவர் போன பிறகு தவசி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். வாசல், பட்டாசாலை. அடுப்படி வாசலில் விரல் எழுந்தது. விரல் இறங்கியது. உள்ளே போனான்.

மறுநாள் வந்து பட்டாசாலைச் சுவரில் ஒரு சட்டத்தையும் மாட்டினான். அம்மாவின் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற அவனிடம் வசதி இல்லை, அதனால் சட்டத்துக்குள் முகம் கிடையாது. மேலே சிவப்பாக ஒரு பல்பு மட்டும் எரிந்தது. அதில் எந்தப் பாடத்தையும் அவன் வைக்கவில்லை.

அவன் பாஸானான். மூன்றாவது யூனிட்டில் கேட்டதையெல்லாம் எழுதினானாம். சாப்பாட்டு நினைப்பிலேயே எழுதியதாக ரேவதி கேலி செய்தாள். அவன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டே வெட்கப்பட்டான்.

உங்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். இந்தக் கருவியில் பாடம் நிற்க வேண்டுமென்றால் பிள்ளைகள் தங்களுக்கு உயிரான இடங்களைத்தான் அதற்குள் கொண்டு வருவார்கள். அப்படிக் கொண்டு வருகிற இடத்தில் பாடம் மட்டும் இருக்காது. மார்க் எவ்வளவு ஏறியது என்று பார்க்க வேறு ஆட்கள் இருக்கிறார்கள். எந்த அறைக்குள் ஒரு பிள்ளை போகாமலே திரும்புகிறது என்று பார்க்க அந்த இடத்தில் உங்களைத் தவிர ஆள் கிடையாது. பார்த்ததும் உடனே போய் எதையும் சொல்லிவிடாதீர்கள். யார் சொன்னால் கேட்குமோ அவர்கள் வரும்போது மானிட்டரை அணைக்காமல் இருங்கள்.

தவசி சென்னைக்குப் புறப்படுவதற்கு முன் லேபுக்கு வந்தான். செருப்பை ஜோடி சேர்த்துக் கழற்றி வைத்தான்.

"அண்ணே, ஒங்க வீட்டையும் கட்டித் தந்துட்டுப் போகவா? மதினி இருந்தப்ப எப்பிடி இருந்துச்சோ அப்பிடியே. நீங்க சொல்லுங்க, நான் கட்டுறேன்."

என் வீட்டில் யாரும் இல்லை என்பது இவனுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். அத்தனை சாயங்காலம் அவனும் என்னைப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

ஒரு நிமிஷம் ஆசை வந்தது, மறைக்கவில்லை. அவள் கோலப்பொடிக் கிண்ணம் வைக்கும் மாடம், கொடியில் காயும் சேலை. "வேண்டாம்ப்பா" என்றேன். "நல்லபடியாப் போயிட்டு வா. அப்பாவுக்கு அடிக்கடி போன் பண்ணு."

அன்று சாயங்காலம் மெஸ்ஸுக்குப் போகவில்லை. நேரே வீட்டுக்குப் போய்ப் பூட்டைத் திறந்து, சாமிக்கு விளக்கேற்றிவிட்டு, அடுப்படிக் கதவைத் தள்ளினேன். பூச்சிக்கூட்டை ஒட்டடைக் குச்சியால் எடுத்துவிட்டு, அடுப்பைத் துடைத்தேன். அலமாரியில் டப்பாக்கள் அவள் வைத்த வரிசையிலேயே நின்றன. எதில் எது என்று எனக்கும் தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் திறந்தேன். அரிசி வண்டு பிடித்திருந்தது. புளி கல்லாகியிருந்தது. கடுகு கெடவில்லை.

சாமி விளக்குக்கு வைத்திருந்த எண்ணெயைக் காயவைத்துக் கடுகைப் போட்டேன். வெடித்தது. அந்த வீட்டில் அப்படி ஒரு சத்தம் கேட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. முன்வீட்டு அம்மா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "யாரும் வந்திருக்காங்களாண்ணே?" என்று கேட்டார்.

"இல்லம்மா, நாந்தேன்" என்றேன்.